நீராவித் தடம் – 9: நிலக்கரி பெற்ற பிள்ளை

கடலூரிலிருந்து குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக நெய்வேலிக்குப் போகிறவர்கள் செம்மண்ணையும் முந்திரித் தோப்புகளையும் பார்த்துக்கொண்டே போவார்கள். அந்த வட்டாரத்துப் பூமிக்கடியில்தான் நாட்டின் மிகப் பெரிய பழுப்பு நிலக்கரிப் படுகைகளில் ஒன்று கிடக்கிறது. இப்படி நிலக்கரி புதைந்து கிடந்த மண்தான் இங்கிலாந்தில் ரயில் எஞ்சினைப் பெற்றெடுத்தது. தென்னாற்காட்டிலோ வரிசை தலைகீழ். ரயில் முதலில் வந்தது. தண்டவாளத்துக்குக் கீழே எரிபொருள் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதைத் தோண்டி எடுத்து முடிப்பதற்குள் நீராவி எஞ்சினின் காலமே முடியத் தொடங்கிவிட்டது.

கதை தண்ணீரில் ஆரம்பிக்கிறது. நிலத்தைத் தோண்டினால் ஊற்று பெருகும். அதை இறைக்காமல் நிலக்கரியைத் தொட முடியாது. 1712இல் தாமஸ் நியூகோமன் இங்கிலாந்தின் டட்லி அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நிறுவிய நீராவி எந்திரம் செய்த வேலை அதுதான். அது கட்டடம் அளவுக்குப் பெரியது, நின்ற இடத்தைவிட்டு நகராது, நிலக்கரியை ஏராளமாகத் தின்னும். ஆனால் சுரங்க வாசலில் நிலக்கரிக்கு என்ன பஞ்சம்?

அந்த எந்திரத்தை நடக்க வைத்தவர் கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களுக்கிடையே வளர்ந்த ரிச்சர்ட் ட்ரெவிதிக். நீராவியை உயர் அழுத்தத்தில் அடைத்தால் எந்திரத்தைச் சிறிதாக்கலாம், சக்கரத்தின் மேல் ஏற்றலாம் என்று அவர் கண்டார். 1804 பிப்ரவரி 21 அன்று வேல்ஸில் பெனிடாரன் இரும்பு ஆலையிலிருந்து அவருடைய எஞ்சின் 10 டன் இரும்பையும் சுமார் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஏறத்தாழ 9 மைல் போய்ச் சேர்ந்தது. ஆன நேரம் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எஞ்சின் தோற்கவில்லை, பாதை தோற்றது. குதிரை வண்டிக்காக வார்த்த இரும்புத் தடங்கள் அந்தப் பாரம் தாங்காமல் உடைந்தன. உலகத்துக்கு ஓடும் எஞ்சினைத் தந்த அந்த மனிதர் 1833இல் கையில் காசில்லாமல் இறந்தார்.

அடுத்த உந்துதல் குதிரைத் தீவனத்தின் விலையிலிருந்து வந்தது. நெப்போலியன் போர்களால் தானியமும் தீவனமும் விலையேற, நிலக்கரி வண்டி இழுக்கும் குதிரைகளை வைத்துக் கட்டுப்படி ஆகவில்லை. லீட்ஸ் நகரத்து மிடில்டன் சுரங்கத்தில் 1812இல் ஜான் பிளெங்கின்சாப்பும் மேத்யூ மர்ரேயும் பல் சக்கர எஞ்சினை ஓடவிட்டார்கள். வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தில் சுழலுமே தவிர இழுக்காது என்ற அச்சம் அன்று இருந்தது. அதனால் தண்டவாளத்தின் பக்கவாட்டில் பற்களை வார்த்து, எஞ்சினின் பல் சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு போகும்படி செய்தார்கள். சமதளத்துக்கு அது தேவையில்லை என்பதை அடுத்த ஆண்டே வைலம் சுரங்கத்தில் வில்லியம் ஹெட்லி காட்டிவிட்டார். செங்குத்தான மலைக்கு மட்டும் பல் தேவை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் ரயில் வேறு வகைப் பல் தண்டவாளத்தில் இன்றும் அப்படித்தான் ஏறுகிறது.

அதே வைலத்தில் 1781இல் பிறந்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். தந்தை, சுரங்கத் தண்ணீரை இறைக்கும் எந்திரத்துக்கு நெருப்புப் போடுகிறவர். மகனும் சிறுவயதிலேயே எந்திரத்தடிக்கு வந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்து, பதினெட்டு வயதில் தன் கூலிப் பணத்தில் இரவுப் பள்ளிக்குப் போனார். எந்திரங்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே அவற்றின் இயல்பைப் படித்த அந்தத் தொழிலாளி 1814இல் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் தன் முதல் எஞ்சினை ஓட்டினார். அது 30 டன் நிலக்கரியை மணிக்கு 4 மைல் வேகத்தில் மேட்டில் இழுத்தது. 1823இல் நியூகாசிலில் மகன் ராபர்ட்டின் பெயரில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. ரயில் எஞ்சின் கட்டுவதற்கென்றே தொடங்கப்பட்ட உலகின் முதல் நிறுவனம் அது. 1825 செப்டம்பர் 27 அன்று ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதையில் ஓடிய ‘லோகோமோஷன்’ அங்கே பிறந்ததுதான். அந்தப் பாதை போடப்பட்டதும் டர்ஹாம் சுரங்கங்களின் நிலக்கரிக்காகவே.

பிறகு 1829 அக்டோபரில் ரெயின்ஹில் போட்டி நடந்தது. லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில்வே 500 பவுண்டு பரிசு அறிவித்திருந்தது. ஸ்டீபன்சன்களின் ‘ராக்கெட்’ வென்றதற்குக் காரணம் அதன் வயிற்றுக்குள் இருந்தது. அதுவரை கொதிகலனில் ஒன்றிரண்டு பெரிய குழாய்கள் வழியாகத்தான் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகும். ராக்கெட்டில் 25 செப்புக் குழாய்கள். இந்த யோசனையைச் சொன்னவர் ரயில்வேயின் செயலாளர் ஹென்றி பூத். சூடு படும் பரப்பு பல மடங்கானதால் தண்ணீர் விரைவாகக் கொதித்தது. வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கி வழியாக வேகமாக வெளியே விட்டதால் அது காற்றை இழுத்து நெருப்பை ஊதிக்கொண்டே இருந்தது. ஓட்டம் கூடக் கூட நெருப்பும் கூடும். கடைசியாகக் கட்டப்பட்ட நீராவி எஞ்சின் வரை இந்த ஏற்பாடு மாறவில்லை.

இதற்குள் எஞ்சின் கட்டுவது பெருந்தொழிலாகிவிட்டது. நியூகாசில், லீட்ஸ், மான்செஸ்டர், லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவிலுள்ள நியூட்டன் எல்லாமே நிலக்கரி கைக்கெட்டும் ஊர்கள். நியூட்டனில் சார்லஸ் டெய்லர் 1830இல் தொடங்கிய வல்கன் ஆலைதான் பம்பாயின் முதல் ரயிலுக்கு எட்டு எஞ்சின்களை அனுப்பியது. லீட்ஸின் கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் நிறுவனம் கிழக்கிந்திய ரயில்வேக்குக் கட்டி அனுப்பியது. அந்த நிறுவனம் 1855இல் செய்த ‘எக்ஸ்பிரஸ்’ என்ற 21ஆம் எண் எஞ்சின், நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற பின் சென்னை பெரம்பூர் பணிமனைக்கு வந்தது. நம் தொழிலாளர்களின் கைபட்டு 2010 ஆகஸ்ட் 15 அன்று மீண்டும் ஓடியது. கட்டியவர்களுக்குச் சற்றும் குறையாத திறமை அந்தக் கைகளுக்கு இருந்தது என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும்.

சென்னையில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலைக் கல் சுமக்க 1837இலேயே ஒரு தடம் இருந்தது. பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை 1 அன்று புறப்பட்டது. எஞ்சின் வந்தது, தண்டவாளம் வந்தது, ஓட்டுநரும் வந்தார். நெருப்புப் பெட்டிக்கு எதைப் போடுவது?

தமிழ்நாட்டில் அன்று நிலக்கரி கிடைக்கவில்லை. சீமையிலிருந்து வரவழைத்தால் விலை தாங்காது. ஆகவே விறகு எரித்தார்கள். ஒரே எடைக்கு விறகு தரும் சூடு நல்ல நிலக்கரி தருவதில் பாதிதான். பாரமோ இடமோ மிச்சமில்லை. வழியெல்லாம் விறகு அடுக்கி வைக்க வேண்டும், பறக்கும் பொறி வைக்கோல் போரில் விழாமல் காக்க வேண்டும். தண்டவாளத்துக்கும் மரம்தான். ஒரு மைலுக்கு 1,760 சிலிப்பர் கட்டைகள் என்பது அன்றைய கணக்கு. சில ஆண்டுகளில் அவை மக்கிப் போகும். 1856இல் சென்னை மாகாணத்தின் வனத்துறைப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்னுக்கு ரயில்வேயின் மரப்பசி பெரிய கவலையாக இருந்தது. சோழமண்டலக் கரையின் மணலில் சவுக்குத் தோப்புகள் பரவியதற்கு ரயில் விறகுத் தேவை முக்கியக் காரணம். கடலூர்க் கடற்கரையில் இன்று சவுக்கு வெட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அந்த மரத்தின் வரலாற்றில் லீட்ஸும் நியூகாசிலும் இருக்கின்றன.

பிறகு வங்காளத்திலிருந்தும் சிங்கரேணியிலிருந்தும் நிலக்கரி வந்தது. கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலத்துக்கு 1920களின் பிற்பகுதியில் மீட்டர் பாதை போடப்பட்டபோது, எங்கிருந்தோ கொண்டுவந்த நிலக்கரியை ஃபயர்மேன் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஓடியது பழுப்பு நிலக்கரிப் படுகை இருக்கும் மண்ணின் மேல்.

1930களில் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தோண்டிய கிணற்றில் தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அவர் அதை விட்டுவிடாமல் அரசின் கண்ணுக்குக் கொண்டுபோனார், நிலமும் கொடுத்தார். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது, 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். உடனே எதிரே நின்றது நியூகோமனின் பழைய எதிரிதான். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் நீர் தேங்கி நிற்கிறது. மேல்மண்ணை அகற்றியதும் அது அடியிலிருந்து பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்த பிறகே 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிச்சம் கண்டது. அந்த இறைப்பு இன்றும் நின்றபாடில்லை. அது சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தோடும் விவசாயத்தோடும் பிணைந்த கேள்வி என்பதைக் குள்ளஞ்சாவடி வட்டாரத்து விவசாயிகள் நன்றாக அறிவார்கள்.

இந்த நிலக்கரியை அப்படியே ராக்கெட்டின் வாரிசுகளுக்குக் கொடுக்க முடியாது. எடையில் பாதிக்குப் பாதி ஈரம். ஈரத்தோடு எரித்தால் சூட்டில் பெரும்பங்கு ஈரத்தை விரட்டவே போய்விடும். காய்ந்தால் உதிர்ந்து தூளாகும். நெருப்பை ஊதுவதற்காக ஸ்டீபன்சன் பயன்படுத்திய அதே காற்று இழுவை, எரிந்து முடியாத தூளைப் பொறியாகப் புகைபோக்கிக்கு வெளியே வீசிவிடும். தூளாக்கியே எரிக்கும் பெரிய அனல்மின் கொதிகலன்தான் அதற்குப் பொருத்தம். 1962இல் சோவியத் ஒத்துழைப்போடு அது நடந்தது. நெய்வேலி நிலக்கரி நெருப்புப் பெட்டிக்குப் போகாமல் மின்கம்பிக்குப் போனது. 1972இல் சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் ஆலை தன் கடைசி நீராவி எஞ்சினைக் கட்டி முடித்தது. வைலத்திலும் கில்லிங்வொர்த்திலும் சுரங்க மனிதர்கள் தொடங்கிய வேலைக்கு இந்திய மண்ணில் முடிவின் தொடக்கம் அதுதான்.

நிலக்கரி கிடைக்காத இதே தென்னாற்காட்டில் 1830இலேயே ஒருவர் துணிந்து உலை மூட்டினார். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற அவர், சேலத்து இரும்புத் தாதுவைக் கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டைக்கு வரவழைத்து மரக்கரியில் உருக்கினார். அந்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய பிரிட்டானியா ரயில் பாலத்தில் அது சேர்ந்ததாகப் பதிவு உண்டு. ஹீத்துக்கு என்ன ஆனது, பரங்கிப்பேட்டை உலைகள் ஏன் அணைந்தன என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)