வேதநாயகம் சாஸ்திரியார்: ஆலயத்துக்குள் வந்த கீர்த்தனை

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்ப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களின் முதல் பெரும் பாட்டுக்காரர். தாமே பாட்டெழுதி, தாமே ராகமும் தாளமும் வகுத்து, குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். சமகாலத்தார் அவரைச் ‘சுவிசேடக் கவிராயர்’ என்று அழைத்தார்கள். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு அவரைக் குழப்பிக்கொள்வது உண்டு. பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப், பிறந்தது 1826-ல். சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர்.

அவர் திருநெல்வேலியில் 1774 செப்டம்பர் 7 அன்று பிறந்தார். தந்தை தேவசகாயம் சைவ வேளாளர் குடியிலிருந்து கத்தோலிக்கரானவர். அவரும் பாட்டுக் கட்டத் தெரிந்தவர். 1785-ல் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது இந்தப் பிள்ளையின் அறிவைக் கண்டு தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அங்கே சுவார்ட்ஸின் பொறுப்பில் இன்னொரு பிள்ளையும் படித்தான்: பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. ஒரே ஆசிரியரிடம் படித்த இருவரின் நட்பும் கடைசிவரை நீடித்தது. தஞ்சை சிவகங்கைத் தோட்டத்தருகே சுவார்ட்ஸ் கட்டிய தேவாலயத்தில், அவருடைய மரணப் படுக்கையருகே சரபோஜி நிற்கும் சலவைக்கல் சிற்பம் இன்றும் இருக்கிறது. மன்னர் லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தது அது.

வேதநாயகம் சில காலம் தரங்கம்பாடியிலும் படித்தார். அங்கே டாக்டர் ஜான் போன்ற மிஷனரிகள் வேத சாஸ்திரத்தோடு வானசாஸ்திரமும் பூகோளமும் கற்றுக்கொடுத்தார்கள். இருபது வயதைத் தொடும் முன்பே தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். உபதேசியார்களைப் பயிற்றுவித்த அந்தப் பள்ளியில் ஏறக்குறைய 35 ஆண்டுகள் பணியாற்றினார்.

அன்றைய புராட்டஸ்டண்ட் ஆலயங்களில் பாடப்பட்டவை ‘ஞானப்பாட்டு’கள். மிஷனரி சீகன்பால்கு காலத்திலிருந்தே ஜெர்மானியப் பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, ஐரோப்பிய மெட்டு மாறாமல் பாடிவந்தார்கள். மெட்டின் அசைக்குத் தமிழ்ச் சொல்லை வளைக்க வேண்டியிருந்தது. குறில் வர வேண்டிய இடத்தில் நெடில் வரும், சொல் பாதியில் முறியும். பக்தியோடு பாடியவர்களின் நாவுக்கே அது அந்நியமாக இருந்தது. ஆலயத்துக்கு வெளியிலோ தஞ்சைச் சீமை இசையில் திளைத்த காலம் அது. தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் சாஸ்திரியாரின் சமகாலத்தவர்கள். தெருவில் நொண்டி நாடகம், கும்மி, குறவஞ்சி. அரண்மனையில் பதமும் வர்ணமும். இவை அத்தனையிலும் வேதாகமக் கதையை ஏற்றியதே சாஸ்திரியாரின் சாதனை. அவர் இயற்றிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை என்பார்கள். ஞான நொண்டி நாடகம், ஞானத்தச்ச நாடகம், சாஸ்திரக்கும்மி, ஞான உலா, ஜெபமாலை என்று தலைப்புகளே அவர் கையாண்ட வடிவங்களைச் சொல்லிவிடும்.

இவற்றில் தலைசிறந்தது 1800-ல் எழுதிய ‘பெத்லகேம் குறவஞ்சி’. குறவஞ்சியின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலைவன் பவனி வருவான், தலைவி காதல் கொள்வாள், குறத்தி வந்து மலைவளம் பாடிக் குறி சொல்வாள், பிறகு குறவன் கண்ணி வைத்துப் பறவை பிடிப்பான். திரிகூட ராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் தலைவன் திரிகூடநாதர். சாஸ்திரியாரிடம் தலைவன் பெத்லகேம் நாதர். அவர்மேல் காதல் கொள்ளும் தேவமோகினி திருச்சபையைக் குறிக்கிறாள். குறி சொல்ல வருபவள் விசுவாசம் என்னும் சிங்கி. ஞானச் சிங்கன் விரிக்கும் வலை சுவிசேஷம். அதில் விழும் பறவைகள் மனித ஆத்துமாக்கள். குறத்தி தான் திரிந்த நாடுகளைப் பாடுவது பழைய மரபு. அந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டு உலகப் பூகோளத்தைப் புகுத்தினார் சாஸ்திரியார். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்னும் கோப்பர்நிக்கஸின் கொள்கையையும் பாட்டாக்கினார். தமிழில் நவீன வானியல் பாடநூலாகப் பரவுவதற்கு முன்பே பாட்டாக வந்துவிட்டது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இவற்றை அவர் ஏட்டில் வைத்துப் பூட்டவில்லை. சீடர்களும் குடும்பத்தாரும் சேர்ந்து பாட, இடையிடையே அவர் வசனத்தில் விளக்கம் சொல்வார். பின்னாளில் கதாகாலட்சேபம் என்று வழங்கிய முறைக்கு நெருக்கமானது அது. வளர்ப்பு மகள் ஞானதீபம் அந்தக் குழுவில் பாடினார். சபை நடுவே பெண் எழுந்து பாடுவது அரிதான அந்தக் காலத்தில் அது துணிச்சலான காரியம். சென்னை, திருச்சி, யாழ்ப்பாணம் என்று அழைத்த இடமெல்லாம் குழு போனது. வேத சிரோமணி, ஞானதீபக் கவிராயர் என்ற பட்டங்களும் வந்து சேர்ந்தன.

1820களில் தஞ்சை மிஷன் புதிய சங்கத்தின் கைக்கு மாறி, ஹௌப்ரோ முதலிய இளைய மிஷனரிகள் வந்தபோது மோதல் தொடங்கியது. பழகிய ஃபப்ரிசியுஸ் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரவைத்து நற்கருணை கொடுக்கிறார்கள், திருமணத்திலும் சாவிலும் பூமாலையைத் தடுக்கிறார்கள், ஆலயத்தில் தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள் என்று நான்கு குற்றச்சாட்டுகளை அவர் அடுக்கினார். 1829-ல் வேலை போயிற்று. சரபோஜி மன்னர் கைகொடுத்து அரண்மனைப் புலவராக்கினார்.

பெரிய கோவில் ஈசர்மேல் குறவஞ்சி பாடும்படி மன்னர் கேட்டதாகவும், நண்பனிடமும் அவர் ‘மாட்டேன்’ என்று சொன்னதாகவும் அவர் குடும்ப வழியில் ஒரு கதை உண்டு. 

அந்த நான்கு குற்றச்சாட்டுகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பாட்டுக்காகவும் பூவுக்காகவும் அவர் வாதாடியது நியாயம். தமிழில் தொழுவோரின் உரிமை அது. சாதி இருக்கை வேறுபாட்டைக் காக்க எழுதியது நியாயமில்லை. அந்த வேறுபாட்டால் தனியே உட்காரவைக்கப்பட்டவர்களும் அவர் பாட்டைப் பாடிய கிறிஸ்தவர்களே. அவரைக் கொண்டாடும் நூல்கள் பல இந்தப் பகுதியை விரைந்து கடந்துபோகின்றன. அது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது.

பாட்டு விஷயத்தில் காலம் அவர் பக்கம் திரும்பியது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழ்ச் சபைகள் ஐரோப்பிய மெட்டில் ஒட்டாமல் பாடுவதைக் கண்டு கீர்த்தனைகளைத் திரட்டி 1853-ல் அச்சிட்டார். அதில் சாஸ்திரியாரின் பாட்டுகள் நிறைய. ஒரு மிஷன் வெளியே தள்ளிய இசையை இன்னொரு மிஷன் புத்தகமாக்கியது. அப்போது சாஸ்திரியாருக்கு ஏறக்குறைய எண்பது வயது. அதைப் பார்க்க உயிரோடிருந்தார். 1864 ஜனவரி 24 அன்று தஞ்சையில் காலமானார். திருமணங்களில் ஒலிக்கும் ஜெயமங்களக் கீர்த்தனை அவருடையதே.

சமவெளியில் பரவிய இந்தப் பாட்டுகள் நீலகிரி மலைக்கு வந்த வழி வேறு. 1846-ல் கேத்தியில் பாசல் மிஷன் இறங்கியபோது இத்தலார், கேத்தி போன்ற படகர் இனத்தாரின் ஊர்களில் பேச்சு படகம்; மிஷன் கையில் எடுத்தது கன்னடம். 1890-ல் படக மொழியில் வெளிவந்த லூக்கா சுவிசேஷமும் கன்னட எழுத்திலேயே அச்சானது. தமிழ்க் கீர்த்தனை மலையேறியது உத்தியோகஸ்தர்களோடும் வியாபாரிகளோடும், காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியபோது வந்த கூலித் தொழிலாளர்களோடும்தான். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து நீலகிரியில் குடியேறியவர்களிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் ‘பாமாலை’யும் ‘கிறிஸ்தவ கீர்த்தனைகள்’ புத்தகமும் தமிழ்ச் சபைகளுக்குப் பொதுவாயின. ஐரோப்பிய மெட்டுப் பாட்டுகள் ஒன்றில், ராகப் பாட்டுகள் மற்றொன்றில். இரண்டும் ஒரே ஆராதனையில் பாடப்படுகின்றன.

பிறகு ஒலிநாடா வந்தது, டி.ஜி.எஸ். தினகரன், பெர்க்மான்ஸ் முதலியோரின் எளிய மெட்டுப் பாட்டுகள் கீபோர்டு துணையோடு வீடுதோறும் சேர்ந்தன. எழுதுபவரே பாடி, பாடுபவரே பிரசங்கம் செய்யும் அவர்களுடைய வழி சாஸ்திரியார் போட்ட வழி. ஆனால் கீர்த்தனையின் ராகம் நழுவிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம் அச்சிட்டிருக்கிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் பிரித்திருக்கிறது. பல சபைகளில் இன்று எல்லாவற்றையும் ஒரே நடையில் இழுத்துப் பாடிவிடுகிறார்கள். பழைய ராகத்தில் பாடத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் பாடச் சொல்லி, இளையவர்கள் கைபேசியிலாவது பதிந்து வைக்க வேண்டும்.