இடியன் துவக்கும் குறிபார்க்கும் கலையும்

குழலின் வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுச் சுடும் பழைய துப்பாக்கியை இலங்கைத் தமிழர் இடியன் துவக்கு என்று வழங்குவர். மருந்தைக் கோலால் இடித்து இறுக்க வேண்டியிருப்பதை அப்பெயரே நினைவூட்டுகிறது. இன்று அத்துவக்கின் பெயர் காதில் விழுந்தால், காட்டுப்பன்றி வேட்டையோ பொலிஸ் வழக்கோதான் பலர் நினைவுக்கு வரும். ஆயினும், உலகின் பல நாடுகளில் அதே வகைத் துப்பாக்கி அமைதியானதொரு விளையாட்டுக் கருவியாக வாழ்ந்து வருகிறது. சப்பிரகமுவ மலைகளில் மட்டும் அதன் வரலாறு வேறு வழியிற் சென்றது ஏன் என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

முதலில் அக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். கரிமருந்து என்பது வெடியுப்பு முக்கால் பங்கும், எஞ்சிய காற்பங்கில் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவையாகும். சுடுபவன் அதனை அளந்து குழலில் இடுவான். எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து கோலால் அடிவரை செலுத்துவான். கேப்பு எனப்படும் சிறு செப்புத் தொப்பியைப் பொருத்திக் குதிரையை உயர்த்துவான். அதன் பின்னரே குறிபார்த்தல். ஒரு வெடி தீர்ந்ததும் வெண்புகை கண்ணை மறைக்கும். குழலுள் கசடு படியும். அக்கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆண்டுக்குச் சுமார் 150 அங்குல மழை பெய்யும் இரத்தினபுரியில் இத்தகைய துவக்கைப் பேணுவது எத்துணைக் கடினம் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தபோது அவர்தம் வெடியோசை மக்களைத் திகைக்கச் செய்தது. அத்திகைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. சிங்களக் கம்மாளர் அக்கலையை விரைவில் கற்றுத் தமதாக்கிக் கொண்டனர். அவர்கள் செய்த துப்பாக்கிகளிற் பலவற்றில், தீப்பொறி எழுப்பும் விசை குழலின் இடப்பக்கத்தே அமைந்தது. அடிக்கட்டை சுருண்டு பிளவுபட்டுத் தந்தத்தாலும் வெள்ளியாலும் அணிபெற்றது. கண்டி மன்னனுக்கு லெவுகே திசாவை அளித்த சிறுபீரங்கி பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் இழைத்தது. 1765-இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது கொண்டு சென்ற அப்பீரங்கி, 2023-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு மீண்டது. மருந்துக்கும் மலைநாட்டார் அயலாரை முற்றும் நம்பியிருக்கவில்லை. வௌவால்கள் வாழும் குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டதை, 1821-இல் நூல் வெளியிட்ட மருத்துவர் ஜோன் டேவி விவரித்துள்ளார்.

எனவே, 1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, துவக்குச் செய்யவும் சுடவும் அறிந்த மக்களையே அவர்கள் ஆளத் தொடங்கினர். அந்த அறிவு ஆள்வோருக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் துப்பாக்கி மாறிக்கொண்டிருந்தது. குழலின் உட்புறத்தே சுருள்வரி வெட்டினால், பம்பரம்போற் சுழன்று செல்லும் குண்டு நேர்வழி தவறாது என்பது முன்பே அறிந்த உண்மை. ஆனால், இறுக்கமான குண்டை வாய்வழியே செலுத்துவது பெருந்தொல்லையாயிருந்தது. 1849-இல் பிரெஞ்சுப் படையாளர் மினியே என்பவரின் குண்டு அத்தொல்லையை நீக்கிற்று. அடியிற் குழிவுள்ள அக்குண்டு எளிதாக உள்ளே இறங்கும். வெடிக்கும்போது விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் தொலைவிலுள்ள இலக்கைத் தாக்குவது திறமையின் அளவுகோலாயிற்று. 1860-ஆம் ஆண்டு யூலை 2-ஆம் தேதி, விம்பிள்டன் மைதானத்தில் நடந்த முதலாவது தேசியக் குறிசுடும் போட்டியை விக்டோரியா அரசியார் 400 யார் தொலைவிலிருந்த இலக்கைச் சுட்டுத் தொடக்கிவைத்தார். தாங்கியிற் பொருத்தியிருந்த அந்த விட்வர்த் துப்பாக்கியும் வாய்வழி நிரப்புவதே.

இங்கிலாந்தில் அரசியாரின் விளையாட்டாக மலர்ந்த கருவி, நான்கே ஆண்டுகளின் பின் கேகாலை மாவட்டத்தில் வேறொரு முகங்காட்டிற்று. உத்துவன்கந்தைக் குன்றைப் புகலிடமாகக் கொண்ட சரதியேல் என்பவனைப் பிடிக்க, 1864 மார்ச் 21-இல் மாவனல்லையில் ஒரு வீடு முற்றுகையிடப்பட்டது. உள்ளிருந்து வந்த வெடியில் சபான் என்னும் மலாய்க் காவலர் உயிர் நீத்தார். காயமுற்றுப் பிடிபட்ட சரதியேலும் அவன் தோழன் மம்மலே மரிக்காரும் மே 7-ஆம் தேதி கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். கடமையிற் சபான் மடிந்த மார்ச் 21-ஆம் நாளை இலங்கைப் பொலிஸார் வீரர் நாளாக இன்றும் நினைவுகூருகின்றனர். சட்டத்திற்குப் புறம்பானவனின் ஆயுதம் என்னும் பெயரே மலைநாட்டில் துவக்கின்மேல் படிந்தது.

பின்னர்க் கோப்பி அழிந்து தேயிலையும் இறப்பரும் சப்பிரகமுவ மலைச்சரிவுகளை மூடின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் லயங்களிற் குடியேறினர். 1866-இல் பிரித்தானியப் படை பின்வழி நிரப்பும் துப்பாக்கியை ஏற்றுக்கொள்ளவே, இடியன் பழம்பொருளாகத் தொடங்கிற்று. துரைமார் வைத்திருந்தவை புதியவை. 1900-இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை, ஐரோப்பியர்க்கே உரிய தொண்டர் படையாகும். ஓய்வுநேரக் குறிசுடுதல் அங்குப் படைப்பயிற்சியாகவும் அமைந்தது. 1914-இல் அப்படையினின்று 8 அதிகாரிகளும் 229 வீரரும் எகிப்துக்குச் சென்றனர். பலர் கலிப்போலிப் போர்முனையையும் கண்டனர். 1949-இல் அப்படை கலைக்கப்பட்டது. அவர்தம் தோட்டங்களிற் கொழுந்து பறித்தோர்க்கும் பால் வெட்டியோர்க்கும் அவ்விளையாட்டில் இடமிருக்கவில்லை. 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுடுகருவிச் சட்டம் வந்தபின், துவக்கு வைத்திருத்தல் அனுமதிப்பத்திரத்தைப் பொறுத்ததாயிற்று. லயத்து வாழ்வினர்க்கு அப்பத்திரம் எட்டாக் கனி.

இதற்கு நேர்மாறான காட்சியைத் தென்னிந்தியாவின் மற்றொரு தோட்ட நாடான குடகிலே காணலாம். 1861-இல் ஆணையர் மார்க் கப்பன் குடகரை ஆயுதப் பறிமுதற் சட்டத்தினின்று விலக்கினார். அவ்விலக்கு 2019-இலும் புதுப்பிக்கப்பட்டு 2029 வரை நீடிக்கப்பட்டுள்ளது. செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் வரும் கைல்போது விழாவில் துப்பாக்கிகளைப் பூசையில் வைத்து, குழல் வாயிற் காந்தள் மலர் சூட்டுவர். வழிபாடு முடிந்தபின் உயர்ந்த மரத்திற் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டி நடைபெறும். ஊரார் பார்த்திருக்கச் சுடுவதால், கைப்பழக்கமும் கட்டுப்பாடும் தலைமுறை தோறும் கற்பிக்கப்படுகின்றன. வெளிச்சத்தில் வைக்கப்பட்ட ஆயுதம் அங்குப் பொது விழாவாயிற்று.

சப்பிரகமுவவில் அது இருளுக்குட் சென்றது. அனுமதியின்றிச் செய்யப்படும் இடியன், பன்றி வரும் ஒற்றையடிப் பாதையிற் கட்டுத்துவக்காக மறைத்து வைக்கப்படுகிறது. பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டிய கம்பியிற் கால் பட்டதும் வெடி தீரும். பன்றியின் காலா, விறகுக்குச் சென்ற தாயின் காலா என்று அக்கம்பி அறியாது. காலிழந்து மருத்துவமனையிற் கிடப்போரும் உயிரிழப்போரும் நாட்டுப்புறத்தாரே, தோட்டப்புறத்தாரே. நானூறு ஆண்டுகட்குமுன் கம்மாளன் கண்ணும் கையும் ஒன்றிச் செய்த கருவிக்கு, கண்ணே இல்லாத இவ்வடிவம் நேர்ந்தது பெருந்துயரம். பயிரழிவு தோட்டத்து ஏழைக்கு மெய்யான இழப்புத்தான்; ஆனால் அதற்கு ஈடாக அயலான் காலைக் கொடுப்பது எந்த நியாயத்திலும் அடங்காது.

1971 முதல் வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளுக்கெனச் சர்வதேசப் போட்டிகள் நடந்து வருகின்றன. அரைமணி நேரத்துள் 13 வெடிகள். அவற்றுள் சிறந்த பத்தே கணக்கிற் கொள்ளப்படும். விரைவுக்கு அங்குப் பரிசில்லை. அளந்து இடுதல், மூச்சடக்குதல், இலக்கிற்கு அப்பால் யார் நிற்கின்றனர் என்று நோக்குதல் ஆகியவையே அக்கலையின் இலக்கணம். இவ்விலக்கணத்தின் முதல் விதியை விளையாட்டுக்குச் செல்லாதவரும் கற்றுக்கொள்ளலாம்: தான் காணாத ஒன்றை நோக்கி எவரும் சுடலாகாது. சப்பிரகமுவத் தோட்டங்களின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும், ஒவ்வொரு லயத்து முற்றத்திலும் இவ்வொரு விதி வேரூன்றுமாயின், மலைப்பாதையில் நடப்போரின் கால்கள் காக்கப்படும்.