கிணறு காட்டும் வறட்சி

நாலு நாள் நல்ல மழை பெய்துவிட்டால், வறட்சி போயிற்று என்று நாம் மகிழ்கிறோம். ஆனால், மண்ணுக்கு அடியிலும் ஒரு வறட்சி உண்டு. அது பிந்தி வரும், பிந்தியே போகும். அதை நமக்குக் காட்டுவது கிணறு.

இங்கிலாந்தின் தென்பகுதியில், சசெக்ஸ் வட்டாரத்தில், சில்குரோவ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள ஒரு வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை 1836ஆம் ஆண்டு முதல் அளந்து குறித்து வருகின்றனர். உலகிலேயே மிக நீண்ட கிணற்றுக் குறிப்புகளுள் இதுவும் ஒன்று.

அவ்வட்டாரத்துப் பாறை வெண்மையான சுண்ணப் பாறை. மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கித் தேங்கும். கோடை மழையின் பெரும்பகுதியை வெயிலும் செடிகொடிகளும் உறிஞ்சிவிடும். ஆகவே, நிலத்தடியை நிரப்புவது பெரும்பாலும் குளிர்கால மழையே.

1975 மே முதல் 1976 ஆகஸ்டு வரை இங்கிலாந்தில் மழை குன்றியது. இடையே வந்த குளிர்காலமும் பொய்த்ததால், கிணறுகள் ஏற வேண்டிய காலத்தில் ஏறவில்லை. கடும் வெயில் அதன் பின்னரே வந்தது. 1976 ஆகஸ்டில் வறட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. டெனிஸ் ஹவல் என்பவர் வறட்சிக்குப் பொறுப்பான அமைச்சரானார்.

2012இல் நிலைமை வேறு. இரண்டு குளிர்காலங்கள் வறண்டதால், ஏப்ரல் தொடக்கத்தில் தென்கிழக்கு இங்கிலாந்தில் தோட்டங்களுக்குக் குழாய்வழி நீர் பாய்ச்சத் தடை வந்தது. அதே மாதம் மழை கொட்டியது! 1910க்குப் பிறகு பிரிட்டன் கண்ட மிக ஈரமான ஏப்ரல் அதுவே. ஆயினும், நிலத்தடி நீர் தாழ்ந்தே இருந்ததால் தடை உடனே நீங்கவில்லை.

சரி, நீர்மட்டம் எவ்வளவு இறங்கினால் வறட்சி எனலாம்? கோடையில் கிணறு இறங்குவது இயல்புதானே! ஆகவே, ஜூலை மாத அளவை மற்ற ஆண்டுகளின் ஜூலை அளவோடுதான் ஒப்பிட வேண்டும். புளூம்ஃபீல்டு, மார்ச்சண்ட் என்னும் ஆய்வாளர்கள் 2013இல் இவ்வடிப்படையில் ஓர் அளவுகோல் வகுத்தனர். ஒரு கிணறு தன் சுற்றுப்புறத்தைத்தான் சொல்லும். பல கிணறுகளை இவ்வளவுகோலில் நிறுத்தினால், வட்டாரம் முழுவதன் நிலையும் விளங்கும்.

பழைய குறிப்புகள் இல்லையேல் இந்த ஒப்பீட்டுக்கு வழியில்லை. நம் தோட்டப்புறங்களில் நீர் இறைக்கப்படாத பழைய கிணறு இருந்தால், அதைத் தூர்த்துவிட வேண்டாம். மாதந்தோறும் கயிறு இறக்கி அளந்து, தேதியிட்டு எழுதி வைப்போம். நம் பிள்ளைகளுக்கு அது பயன்படும்.