கடைசியாக வந்தவனின் நேரம்



ஓட்டப் பந்தயம் என்றதும், "யார் முதலில் வந்தார்?" என்று கேட்பது நம் வழக்கம். முதல்வன் பெயரை அறிந்து மகிழ்ந்தபின் மற்றவர்களை மறந்துவிடுகின்றோம். ஆயின், சாலையில் நெடுந்தொலைவு ஓடுகின்றவர்களுள் பெரும்பாலோர் பிறரை வெல்லும் எண்ணத்தோடு ஓடுவதில்லை. சென்ற முறை நாற்பது நிமிடத்தில் முடித்தவர் இம்முறை முப்பத்தொன்பது நிமிடத்தில் முடிக்க விரும்பியே ஓடுகின்றார். அவருக்கு எதிரியும் துணைவனும் கடிகாரமே. இவ்வகை ஓட்டத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றையும், அதன் பொருளை உணராமல் ஆசிரியனாகிய நான் செய்த ஒரு பிழையையும் இன்று உங்களுக்குக் கூறுகின்றேன்.

நான் வாழும் ஊர் தென்காசி மாவட்டத்து வடகரை. எங்களுக்கு அண்மையிலுள்ள செங்கோட்டை நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்து, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றே சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருவிதாங்கூருக்கு 'அஞ்சல்' என்னும் பெயரில் தனித் தபால் துறை இருந்தது; 1951இல் அஃது இந்தியத் தபால் துறையோடு சேர்க்கப்பட்டது. மணி கட்டிய கோலைக் கையிலேந்திக் கடிதப் பையைச் சுமந்து ஓடிய அஞ்சல் ஓட்டக்காரர்கள் அத்துறையின் கால்களாக விளங்கினர். மணியோசை கேட்டதும் எதிரே வருவோர் ஒதுங்கி வழிவிடுவர். அவர்களுக்கு ஓட்டம் விளையாட்டன்று; பிழைப்பு. பரிசும் இல்லை, பார்வையாளரும் இல்லை. பையை உரிய காலத்தில் சேர்ப்பது ஒன்றே அவர்கள் கடமை. சாலையில் காலத்தைக் கருதி ஓடுவது நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

செய்தி சுமந்த ஓட்டம் பந்தயமாக மாறிய கதை கிரேக்க நாட்டைச் சேர்ந்தது. கி.மு. 490இல் மாரத்தான் வெளியில் பாரசீகப் படையை ஏதென்சு நகரத்தார் வென்றனர். வெற்றிச் செய்தியை ஒரு வீரன் ஓடிவந்து சொல்லி, அங்கேயே உயிர் நீத்தான் என்பர். ஆனால் அப்போருக்கு அண்மைக் காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் எரோடோட்டசு அதனைக் கூறவில்லை. உதவி வேண்டி ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடி, மறுநாளே சென்று சேர்ந்த தூதனைப் பற்றித்தான் அவர் எழுதியிருக்கின்றார். உயிர் நீத்த கதை பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே நூல்களில் ஏறியது. வரலாறு பயில்வோர் கதையையும் சான்றையும் இவ்வாறு பிரித்தறியப் பழக வேண்டும்.

கதை எவ்வாறாயினும் அதிலிருந்து ஒரு பந்தயம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் மிசேல் பிரேயால் என்பார் கூறிய யோசனைப்படி, 1896இல் ஏதென்சில் நடைபெற்ற முதலாவது புதுயுக ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் சேர்க்கப்பட்டது. தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிரேக்கராகிய ஸ்பிரிடோன் லூயிஸ் 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் முதலில் வந்தார். மூன்றாவதாக வந்தவர் வழியில் சிறிது தூரம் வண்டியில் ஏறி வந்தார் என்பது வெளிப்பட்டு, அவர் நீக்கப்பட்டார். பின்னால் வந்த சிலருடைய நேரமோ பதிவாகவே இல்லை. வென்றவனுக்கு மட்டுமே கடிகாரம் என்ற எண்ணம் அன்றும் இருந்தது போலும்!

1908இல் இலண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் அத்தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டராக அமைந்தது. 1921இல் அதுவே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அளவு நிலைபெற்றதனால் விளைந்த நன்மை பெரிது. ஓரூரில் ஓடியவரும், மற்றோர் ஊரில் வேறோர் ஆண்டில் ஓடியவரும் தம் நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது. ஒருவர் தம் பழைய நேரத்தோடு புதிய நேரத்தை ஒப்பிடுவதற்கும் அதுவே வழி.

இனி நம் நாட்டவரைக் காண்போம். 1920இல் பெல்ஜியத்து ஆண்டுவெர்ப்பு நகரில் நடந்த ஒலிம்பிக்கில் பெல்காம் பகுதியைச் சேர்ந்த பாடெப்பா சௌகுலே மாரத்தான் ஓடினார். அவருக்குக் கிடைத்தது 19ஆம் இடம். 'பத்தொன்பதாமவரா?' என்று நீங்கள் உதட்டைப் பிதுக்கலாம். சற்றுப் பொறுங்கள். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 50 நிமிடம் 45 விநாடி. அப்பந்தயச் சாலையோ 42 கிலோமீட்டர் 750 மீட்டர். அதாவது, 1896இல் முதலில் வந்தவரைவிடக் கூடுதலான தொலைவை, அவரைவிட எட்டு நிமிடம் குறைவாக எடுத்து ஓடியிருக்கின்றார். சாலையும் தட்பவெப்பமும் வேறு என்பது உண்மையே. எனினும், இடத்தை மட்டும் எழுதி நேரத்தை எழுதாமல் விட்டிருந்தால் இச்செய்தி நமக்குக் கிட்டியிருக்குமா?

மற்றொருவர் பீகாரைச் சேர்ந்த படைவீரர் சிவநாத் சிங். பல போட்டிகளில் வெறுங்காலோடு ஓடியவர். 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 2 மணி 16 நிமிடம் 22 விநாடியில் ஓடி 11ஆம் இடம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், 1978இல், ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். எத்தியோப்பிய மாவீரர் அபேபே பிகிலா 1964இல் தோக்கியோவில் தங்கம் வென்ற நேரத்தைவிட இது 11 விநாடி குறைவு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியர் எவராலும் அந்நேரத்தைக் குறைக்க இயலவில்லை. மாண்ட்ரியலில் ஓடிய சிவநாத் சிங்கை ஜலந்தரில் முந்தியவர் அதே சிவநாத் சிங் அன்றோ?

இனி என் பிழையைக் கூறுகின்றேன். சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், விளையாட்டு விழாவில் மூன்று கிலோமீட்டர் சாலை ஓட்டம் வைத்தோம். நிறுத்து கடிகாரம் என் கையில் இருந்தது. முதல் மூவர் வந்ததும் அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கடிகாரத்தை நிறுத்திப் பையில் இட்டுப் பரிசு மேடைக்குச் சென்றுவிட்டேன். சற்று நேரத்தில் வியர்வை சொட்ட ஒரு சிறுவன் என்னிடம் ஓடிவந்தான். கடைசியாக வந்தவன் அவனே.

"சார், நான் எத்தனை நிமிடத்தில் வந்தேன்?" என்று கேட்டான்.

என்னிடம் விடை இல்லை. "நீதான் கடைசியில் வந்தாயே, நேரம் எதற்கு?" என்றேன். சிறுவன் ஒன்றும் பேசாமல் தலைகுனிந்து சென்றான். நாள்தோறும் விடியலில் அவன் தனியே ஓடிப் பழகினான் என்பதையும், குறிப்பிட்ட நிமிடத்திற்குள் முடிக்க வேண்டுமென்று தனக்குத்தானே ஓர் இலக்கு வைத்திருந்தான் என்பதையும் பின்னரே அறிந்தேன். இலக்கை எட்டினானா இல்லையா என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு மாணவனின் உழைப்பை அளக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே அளக்காமல் விட்டேன். தேர்வில் முதல் மூவர் தாள்களை மட்டும் திருத்திவிட்டு, ஏனையவற்றைக் கட்டி வைக்கும் ஆசிரியனை நீங்கள் மன்னிப்பீர்களா?

ஓய்வு பெற்றபின் நானும் ஓடத் தொடங்கினேன். பண்பொழி செல்லும் சாலையை மிதிவண்டியால் அளந்தேன். சக்கரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு இட்டு உருட்ட, ஒரு சுற்று 2 மீட்டர் 20 சென்டிமீட்டர் எனத் தெரிந்தது. 1136 சுற்று எண்ணினால் இரண்டரைக் கிலோமீட்டர். அவ்விடத்தில் ஒரு கல்லை நட்டேன். போய்த் திரும்பினால் ஐந்து கிலோமீட்டர். முதல் நாள் எனக்கு 39 நிமிடம் ஆயிற்று. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடமாக 35 நிமிடத்தில் முடிப்பது என்று இலக்கு வைத்துக்கொண்டேன். சாரல் காலத்தில் நனைந்தும், வெயில் காலத்தில் விடியுமுன் எழுந்தும் பல மாதம் பழகினேன்.

சென்ற பொங்கலன்று எங்கள் ஊர் இளைஞர்கள் அதே சாலையில் ஒரு போட்டி நடத்தினர். நானும் ஓடினேன். இளைஞர்களின் ஆரவாரத்தில் மயங்கி, முதல் கிலோமீட்டரை ஆறு நிமிடம் இருபது விநாடியில் ஓடிவிட்டேன். தொடக்கத்தில் மிச்சம் பிடித்த நாற்பது விநாடியைக் கடைசிக் கிலோமீட்டர் வட்டியோடு திரும்பப் பெற்றுக்கொண்டது. மூச்சு வாங்க, கால் தளர, எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தேன்.

கடிகாரம் பிடித்திருந்த பையன் எனக்காகக் காத்திருந்தான். கடைசி ஆள் வரும்வரை கடிகாரத்தை நிறுத்தலாகாது என்று முன்பே நான் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "தாத்தா, முப்பத்தைந்து நிமிடம் இருபது விநாடி" என்று சொல்லி, என் பெயருக்கு நேரே அதனை எழுதினான். இலக்கு இருபது விநாடியில் தவறியது. ஆயினும் எங்கே தவறினேன் என்பதை அறிந்துகொண்டேன். அந்நாளைய சிறுவனுக்கு நான் கொடுக்க மறுத்தது இதனைத்தான் என்பதையும் அன்று உணர்ந்தேன்.

மாணவர்களே! நீங்கள் ஓடினாலும், படித்தாலும், எத்தொழிலைச் செய்தாலும் நேற்றைய உங்களை அளந்து வையுங்கள். அளவில் வஞ்சம் வேண்டா. வண்டியில் ஏறி வந்த நேரம் நம் நேரமாகாது. நாளை உங்களுள் சிலர் ஆசிரியர் ஆவீர்கள். உங்கள் கைக்கும் ஒரு கடிகாரம் வரும். கடைசியாக வருகின்றவன் கோட்டைத் தாண்டும் வரை அதனை நிறுத்தாதீர்கள்.