நல்ல உடம்போடு போனவர்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், ஒரத்தநாட்டில் இருக்கிறது முத்தம்பாள் சத்திரம். முத்தம்பாள் என்ற பெண்ணின் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. ராமேஸ்வரம் யாத்திரைக்காரர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போன இடம். தஞ்சைச் சத்திரங்களில் நடக்கும் தர்மங்களைப் பற்றி 1801-ல் கம்பெனியின் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்குச் சரபோஜி விரிவாக ஒரு கடிதம் எழுதினார். வழியில் நோயில் விழுந்தவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து, குணமாகும் வரை மரியாதையோடு பார்த்துக்கொள்வதும் அந்தத் தர்மங்களில் ஒன்று. நோய் எங்கே வந்தது என்பது அங்கே நிபந்தனையாக இல்லை.

அதே ஊரிலிருந்து ராணுவத்துக்குப் போய், நோயோடு திரும்புகிறவருக்கோ அதுதான் முதல் நிபந்தனை. நோய் பணியால் வந்ததா, பணியால் முற்றியதா? இரண்டில் ஒன்றுக்காவது 'ஆம்' என்று மெடிக்கல் போர்டு எழுதினால்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியம். இரண்டுமில்லை என்று எழுதிவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

குண்டடி பட்டவருக்கு இந்தக் கேள்வி எளிது. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் வந்தவருக்கு அப்படியில்லை. தமிழக அரசு இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று குறிப்பிடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றலே தடம் மாறி, மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40-க்கும் இடையில் தொடங்குகிறது. சிப்பாயாக இருக்கும் வயதும் அதுதான். ஒரு கண்ணில் பார்வை மங்கும், சிவப்பு வெளுத்துத் தெரியும், சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பிறகு கால் மரத்துப்போகும். செருப்பு நழுவியதே தெரியாது. வெயில் ஏறினால் தளர்ச்சியும் ஏறும். புதுஆற்றுப் பாசனத்து வயலில் ஒற்றை வரப்பு மேல் ஓடி வளர்ந்தவருக்கு, அந்த வரப்பில் நாலடி வைக்கத் துணைக்கு ஆள் வேண்டியிருக்கும். முதல் அறிகுறிக்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் நடுவே சில வருடங்கள்கூட ஓடிவிடும். அதற்குள் அவர் படையை விட்டே வந்திருக்கலாம்.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே பிரிட்டனில் பெரிதாக எழுந்தது. நோயாளிச் சிப்பாயே காரணத்தை நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு எதிர்ப்பு வலுத்ததால், 1943-ல் அந்தச் சுமையை அரசின் பக்கம் மாற்றினார்கள். 1947-ல் நீதிபதி டென்னிங் முன் மில்லர் வழக்கு வந்தது. மத்தியக் கிழக்கில் பணியாற்றி, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்த ஒரு படைவீரரின் மனைவி தொடுத்த வழக்கு அது. அவர் தோற்றார். ஆனால் 'நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்' என்றால் என்ன என்று அந்தத் தீர்ப்பில் டென்னிங் கொடுத்த விளக்கத்தை உலகெங்கும் வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்தியாவில் 1982-ன் ஓய்வூதிய உரிமை விதிகள் இதே நியாயத்தைத் தெளிவாகவே எழுதிவைத்தன. சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் பதிவாகவில்லையென்றால், அவர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் நோயால் வெளியேற நேர்ந்தால், அந்தச் சீர்கேடு பணியால் வந்தது என்றே அனுமானிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது அல்ல. சந்தேகத்தின் பலன் அவருக்கே சேரும். களப்பணியில் இருந்தவருக்கு இன்னும் தாராளமாகச் சேரும். சேரும்போது கண்டுபிடித்திருக்கவே முடியாத நோய் என்று மருத்துவர்கள் கருதினால், அதற்கான காரணத்தை எழுத வேண்டும்.

ஏட்டில் இருந்த விதி போர்டு அறைக்குள் போகும்போதுதான் சுருங்கியது. தர்மவீர் சிங் 1985-ல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். வலிப்பு நோயால் 1994-ல் வெளியேற்றப்பட்டார். 20 சதவீத ஊனம் என்று கணக்கிட்ட போர்டு, இது உடல்வாகால் வந்த கோளாறு, பணிக்குச் சம்பந்தமில்லை என்று முடித்துக்கொண்டது. ஏன் என்பதற்கு ஒரு வரி இல்லை. ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. இமாச்சல உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது நோய்க் குறிப்பு இல்லை, மறுத்ததற்கும் காரணம் எழுதவில்லை. ஆகவே அனுமானம் சிப்பாய்க்கே சாதகம் என்றது. 2015-ல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் அதே நிலைப்பாடு உறுதியானது.

வலிப்புக்குச் சொன்ன இந்த நியாயம் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸுக்கு அப்படியே பொருந்தும். எந்த ஆளெடுப்பு முகாமிலும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாத நோய் அது. இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று உலகின் எந்த நரம்பியல் மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. மருத்துவமே நிரூபிக்க முடியாததை, கண் மங்கிக் கால் தள்ளாடும் ஒருவர் நிரூபிக்க வேண்டும் என்பது அநீதி.

இந்த நோயைப் பற்றி உலகம் அறிந்ததில் கணிசமான பங்கு சிப்பாய்கள் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஜான் கர்ட்ஸ்கே குழு 1979-ல், நோயுற்ற 5,305 முன்னாள் படைவீரர்களின் ஆவணங்களை ஆராய்ந்தது. வடக்கே போகப் போக நோய் கூடுவது உறுதிப்பட்டது. படைவீரர்களிடம் எடுத்துச் சேமித்த ரத்த மாதிரிகளை வைத்து, வைட்டமின் டி அதிகமிருந்தவர்களுக்கு ஆபத்து குறைவு என்று 2006-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2022-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைவீரர்களில் நோய் கண்ட 955 பேரை ஆராய்ந்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பின் ஆபத்து 32 மடங்கு கூடுகிறது என்றார்கள். இந்த வைரஸ் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தொற்றுவது. எனவே அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அந்த நாட்டுச் சட்டமோ விஞ்ஞானத்தின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. படையை விட்டு 7 ஆண்டுகளுக்குள் இந்த நோய் குறைந்தது 10 சதவீத ஊனமாக வெளிப்பட்டால், பணியில் வந்ததாகவே அனுமானிக்கிறது.

இந்தியாவில் இந்த நோய் மேலை நாடுகளை விடக் குறைவு. மும்பைப் பார்சி சமூகத்தில் மட்டும் கூடுதலாக இருப்பதை 1990-ல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை 21 வகை ஊனங்களில் சேர்த்தது. தமிழக அரசு பராமரிப்பு உதவித்தொகையும் தருகிறது. இவை எல்லாக் குடிமக்களுக்கும் உரியவை. சிப்பாய் கேட்பது அவருடைய பணிக்கான கணக்கை. நம் முப்படைகளிலும் இந்த நோய் கண்டவர்களின் பதிவேடு பொதுவெளிக்கு வர வேண்டும். காஷ்மீரத்தின் குளிரிலும் ராஜஸ்தானத்து வெயிலிலும் மாறி மாறி நின்ற உடம்புகள் என்ன சொல்கின்றன என்று ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும். பணி முடிந்து 7 ஆண்டு என்ற அனுமான விதி இங்கும் வர வேண்டும். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வெளியேறுகிறவர்களுக்குப் புதிய உரிமை விதிகள் வந்துவிட்ட நிலையில், இதை இப்போதே கேட்டாக வேண்டும்.

ஏற்கெனவே மறுக்கப்பட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. போர்டு நடவடிக்கைகளின் முழு நகலை, காரணப் பகுதியோடு, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். மேல்முறையீடும் பலிக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. ஆனால் காலம் முக்கியம். 1983-ல் உடல்நலக் காரணத்தால் வெளியேற்றப்பட்ட தர்சேம் சிங் 1999-ல்தான் நீதிமன்றம் போனார். ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதத்தைக் காட்டி மனுவைத் தள்ள முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நிலுவையை மட்டும், மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு என்று வரையறுத்தது. மீதி சுமார் 13 ஆண்டுத் தொகை அவருக்குக் கிடைக்கவில்லை.