இணையவழிப் போராட்டமும் அரச கட்டுப்பாடும்: மலையகம்

2018 ஒக்டோபர் 24 அன்று, தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக்கக் கோரி மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினர். அழைப்பு பெரும்பாலும் முகநூலில் பரவியது. கினிகத்தேனை, அட்டன் பகுதிப் பிள்ளைகள் பலர் கொழும்பில் வேலை செய்பவர்கள். அவர்களையும் தோட்டத்து லயன் வீடுகளையும் இணைத்தது கைபேசிதான். 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தம் 700 ரூபாயோடு நின்றது. 1000 ரூபாய் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. இத்தனை இழுபறிக்கு நடுவே சம்பளம் கேட்பவரின் பேச்சில் காரம் இருக்கத்தான் செய்யும். இணையப் பேச்சுக்கு நாகரிகத்தை அளவுகோலாக்கும் சட்டம் முதலில் தொடுவது இப்படிப்பட்ட குரலைத்தான்.

இதற்கு மறுப்பாகத் திகனை வன்முறையைக் காட்டுவர், வலுவான மறுப்புதான். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது வெறுப்புப் பதிவுகள் பெருகின. அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவுக்கு முடக்கியது. தனது தளம் அதில் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அங்கே ஆபத்தானது மரியாதைக்குறைவல்ல, தாக்கச் சொன்ன தூண்டுதல். அதைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அச்சட்டமோ 2019 ஏப்ரலில், முகநூலில் சிறுகதை வெளியிட்ட சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்டது. குறை சட்டத்தில் இருந்ததைவிட, அது யார்மேல் பாய்ந்தது என்பதில்தான் அதிகம்.

2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது. ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கலாம். 24 மணித்தியாலத்தில் அகற்றும்படி அறிவித்தல் விடுக்கலாம். நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும் என்பது ஓரளவு காப்பு. நீதிமன்றம் போனால் காலம் கடந்துவிடும் என்பது ஆதரவாளர் வாதம். வன்முறைத் தூண்டுதலுக்கு அது பொருந்தும்; தோட்ட நிர்வாகத்தின் கணக்கையோ தொழிற்சங்கத் தலைவரின் பேச்சையோ மறுக்கும் பதிவுக்குப் பொருந்தாது. அங்கே எது மெய் என்பதே வழக்கு. அரசின் அவசரம் எப்படிப்பட்டது என்பதற்கு 2022 ஏப்ரல் 3 சாட்சி: கோட்டாபய ராஜபக்சவுக்கு எதிரான போராட்டத்தின்போது நள்ளிரவில் முடக்கிய சமூக ஊடகங்களைப் பிற்பகலிலேயே திறந்துவிட வேண்டியதாயிற்று. அதற்குள் பலர் வி.பி.என். வழியே உள்ளே போய்விட்டிருந்தனர்.