கூம்புக் கூடாரமும் கோடியக்கரைக் காற்றும்

கோடியக்கரைக்குப் போய்வரும் இலக்கிய அன்பர்களில் பலர் பூங்குழலியைத் தேடிப் போகிறவர்கள். 1950ஆம் ஆண்டு 'பொன்னியின் செல்வன்' தொடராக வரத் தொடங்கிய பிறகு அந்தக் கடற்கரை தமிழ் வாசகனின் மனத்தில் ஒரு கனவாகவே தங்கிவிட்டது. அண்மைக் காலமாக அவர்களுடைய மூட்டை முடிச்சுகளில் புதிய பொருள் ஒன்று சேர்ந்திருக்கிறது: கூம்பு வடிவக் கூடாரம். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் 'டீப்பி'யைப் போலச் செய்து விற்கப்படும் இக்கூடாரம் படத்தில் மிக அழகாக இருக்கிறது. கோடியக்கரைப் பக்கம் மணலில் இதனை நட்டு ஓரிரவு தங்கலாமா, வாங்குவதாயின் எதைப் பார்த்து வாங்குவது என்று மாணவர் சிலர் என்னிடம் கேட்டனர். தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று தோன்றலாம். முல்லைப்பாட்டு நடத்துகிறவனிடம் கேட்கத்தக்க கேள்விதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோடியக்கரைக் காடு 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. வெளிமான்களும் வலசை வரும் பறவைகளும் வாழும் அவ்வெல்லைக்குள் வனத்துறையின் இசைவின்றி எவரும் கூடாரம் அடிக்கலாகாது. இங்கே எழுதுவதெல்லாம் சரணாலயத்துக்கு வெளியே, நிலத்துக்கு உரியவரின் இசைவோடு தங்குவோருக்காக.

காற்றின் மூலை

வடக்கிலிருந்து நேர்க்கோடாக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடிகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. இரு பக்கமும் கடல் சூழ்ந்த இந்த மூலையில் காற்றுக்குத் தடை ஏதுமில்லை. ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து வீசும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும்.

இதை முதலில் தமிழில் பதிவு செய்தவர் சுந்தரர் என்று சொல்லலாம். சேரமான் பெருமாளுடன் திருமறைக்காட்டை வணங்கிவிட்டுத் தெற்கே கோடிக்குழகர் கோயிலுக்கு வந்த அவர், கடற்காற்று வந்து மோதும் கரையில் குடியிருப்பு எதுவுமின்றி இறைவன் தனித்திருப்பதைக் கண்டு மனம் வருந்தினார். இங்கே உமக்கு யார் துணை என்று இறைவனையே கேட்டார். பிற தலங்களில் வயலையும் சோலையையும் பாடியவர், இங்கே காற்றையும் தனிமையையும் பாடினார். கற்கோயிலில் இருக்கும் கடவுளுக்கே காற்றை எண்ணிக் கவலைப்பட்ட இடத்தில், துணிக் கூடாரத்தில் தங்கப் போகிறவர் எவ்வளவு கவலைப்பட வேண்டும்!

டீப்பி: காற்று வடித்த வீடு

டீப்பி என்னும் சொல் லக்கோட்டா மொழியைச் சேர்ந்தது. குடியிருத்தல் என்னும் பொருளை அடியாகக் கொண்டது. லக்கோட்டா, செயன், பிளாக்ஃபுட் முதலிய மக்கள் வட அமெரிக்காவின் பெரும்புல்வெளியில் காட்டெருமை மந்தைகளைப் பின்தொடர்ந்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இது சுற்றுலாக் கூடாரம் அன்று, வீடு. அதைத் தைத்தவர்களும், நிறுத்தியவர்களும், உரிமையாக வைத்திருந்தவர்களும் பெண்கள்.

படத்தில் பார்க்கும்போது ஒழுங்கான கூம்பு போலத் தெரியும். உண்மையில் அது சற்றே சாய்ந்த கூம்பு. முதுகுப்புறம் செங்குத்தாகவும் வாயிற்புறம் நீண்டு சரிந்தும் இருக்கும். புல்வெளியில் பெருங்காற்று மேற்கிலிருந்து வரும். முதுகு அதற்கு எதிராக நிற்க, வாயிற்பக்கத்துக் கழிகள் முட்டுக்கொடுத்துத் தாங்கும். ஆகவேதான் வாயில் கிழக்கு நோக்கியது. கிழக்கு, ஞாயிறு எழும் திசை என்ற புனிதமும் அதில் உண்டு. காற்றுக்கு முதுகு காட்டும் அறிவும் உண்டு.

லக்கோட்டா மரபில் முதலில் மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டி நிறுத்துவர்; பிளாக்ஃபுட் மரபில் நான்கு. மற்றக் கழிகள் அவற்றின்மேல் சாய்த்து வைக்கப்படும். உச்சியில் கழிகளைச் சுற்றிய கயிற்றின் முனையை உள்ளே இறக்கி, நடுவில் முளையடித்துக் கட்டிவிட்டால் புயலிலும் சட்டகம் அசையாது. உச்சித் துளையின் இருபுறமும் உள்ள மடல்களை வெளியிலிருந்து இரு நீண்ட கழிகளால் திருப்பிக் காற்றுக்கு ஏற்பப் புகையை வெளியேற்றலாம். உள்ளே தொங்கும் இரண்டாம் திரை கழி வழியே ஒழுகும் மழைநீரைத் தங்குவோர்மேல் படாமல் தடுக்கும். கோடையில் புறத்துணியின் அடியைச் சுருட்டி உயர்த்தினால் காற்று கீழே நுழைந்து மேலே போகும். ரெஜினால்ட் லாபின், கிளாடிஸ் லாபின் இணையர் 1957இல் வெளியிட்ட நூல் இந்த நுட்பங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. சுருங்கச் சொன்னால், டீப்பியில் அழகுக்காக மட்டும் அமைந்த உறுப்பு குறைவு. ஒவ்வொன்றும் ஒரு காற்றுக்கு, ஒரு மழைக்கு விடை.

நப்பூதனார் கண்ட பாசறை

நம்மிடம் இத்தகைய அறிவு இருந்ததா? இருந்தது. அதைத் தெளிவாகக் காட்டுவது பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு. 103 அடிகள்தாம். பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். கோடியக்கரைக்கு வடக்கே, இதே கடற்கரையின் காற்றை அறிந்த ஊர்க்காரர்.

கார்காலத் தொடக்கத்தில் காட்டில் அமைந்த பாசறையை அவர் காட்டும் முறை வியப்புக்குரியது. புதர்களை வெட்டி நிலம் திருத்துகிறார்கள். முள்ளால் வேலி இடுகிறார்கள். தழை வேய்ந்த குடில்கள் தெருத் தெருவாக எழுகின்றன. குந்தம் என்னும் ஈட்டியை ஊன்றிக் கிடுகு என்னும் கேடயத்தை நிரைத்து அரண் செய்கிறார்கள். (இன்று ஈழத்தில் கிடுகு என்றால் பின்னிய தென்னோலை, நம் தஞ்சைப் பக்கத்தில் அதைக் கீற்று என்போம்.) கால்களை நட்டுக் கயிற்றை வலித்துக் கட்டிய இருக்கைகள் வீரர்களுக்கு. நெடிய கோல்களை நட்டுப் பல நிறத் திரையை வளைத்துக் கட்டிய தனியிடம் அரசனுக்கு. அதனை ஆக்கிக் காத்தவர்கள் யவனர்.

இடையே ஓர் உவமை வருகிறது. காவியுடை உடுத்த துறவி தன் முக்கோலை ஊன்றி அதன்மேல் ஆடையை இட்டு வைத்தாற்போல, ஊன்றிய வில்லில் அம்பறாத்தூணிகள் தொங்குகின்றன என்கிறார். மூன்று கோல், மேலே துணி! இதைப் பிடித்துக்கொண்டு, டீப்பியைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்களே என்று ஒரு கட்டுரை எழுதிவிட முடியும். நண்பர்களே, தயவுசெய்து யாரும் எழுதிவிடாதீர்கள். உவமை, தூணி தொங்கும் வில்லுக்குச் சொல்லப்பட்டது. கூடாரத்தின் வடிவத்துக்கு அன்று. அந்தக் கூடாரம் கூம்பாக இருந்தது என்று நப்பூதனார் எங்கும் சொல்லவில்லை. பழம்பெருமைக்கு ஆசைப்பட்டுப் பாட்டில் இல்லாததை ஏற்றினால், இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இருப்பது என்ன? நிலத்தைத் திருத்துதல், கையில் உள்ள வேலையும் வில்லையும் கேடயத்தையும் கொண்டே அரண் அமைத்தல், காட்டில் கிடைக்கும் தழையால் வேய்தல், கயிற்றின் இழுவிசையால் நிறுத்துதல். அதாவது, இடத்தையும் பருவத்தையும் கைப்பொருளையும் பார்த்து உறைவிடத்தை அமைக்கும் அறிவு. வடிவம் வேறாயினும் புல்வெளிப் பெண்களின் அறிவும் இதுவே.

காற்றின் திசையை அறிய நெடுநல்வாடையைத் தொட வேண்டும். நள்ளிரவில் அரசன் பாசறையைச் சுற்றிப் புண்பட்ட வீரரைக் காண்கிறான். அப்போது விளக்குகளின் சுடர்கள் தெற்கே சாய்ந்து எரிகின்றன என்கிறார் நக்கீரர். வாடை வடக்கிலிருந்து வருகிறது. சுடர் தெற்கே தலை சாய்க்கிறது. கூதிர்ப் பருவத்தில் தமிழ்நாட்டில் முகாமிடுவோர்க்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டுமா?

விற்கப்படுவது டீப்பிதானா?

இனிக் கடைக்கு வருவோம். இன்று டீப்பி என்ற பெயரில் விற்கப்படுவனவற்றில் பல உண்மையில் டீப்பி அல்ல. அமெரிக்கப் படை அதிகாரி ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி, பழங்குடியினரின் டீப்பியை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு படைக்கூடாரம் அமைத்து 1856இல் காப்புரிமை பெற்றார். பல கழிகளுக்குப் பதிலாக நடுவே ஒரே கால், கீழே இரும்பு முக்காலி. ஏறத்தாழ பன்னிரண்டு வீரர் தங்கலாம். பிரித்தானியப் படையும் ஒற்றைக்கால் மணிக்கூடாரங்களைப் பயன்படுத்தியது. இன்றைய கடைக் கூடாரங்களில் பல இந்தப் படைக்கூடாரங்களின் வழிவந்தவை.

வரலாற்றின் கசப்பு இங்கே இருக்கிறது. எந்த மக்களின் வீட்டைப் பார்த்துப் படைக்கூடாரம் செய்யப்பட்டதோ, அந்த மக்களின் நிலத்தை அதே படை பறித்தது. கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகள் 1880களின் இறுதியில் சில நூறுகளாகக் குறைந்தன. தோல் கிடைக்காமற்போய் டீப்பிகள் கித்தான் துணிக்கு மாறின. மக்கள் ஒதுக்கிடங்களில் அடைக்கப்பட்டனர். இன்று விடுதிகளின் புல்தரையில் அலங்காரமாக நிற்பது ஒரு மக்கள் இழந்த வீட்டின் சாயல். வாங்குகிறவர் அதை அறிந்து வாங்குவது குறைந்தபட்ச மரியாதை.

இந்த வேறுபாடு வெறும் வரலாறு மட்டுமன்று. கோடியக்கரையில் உயிர்நாடியான வேறுபாடு. உண்மையான டீப்பியில் கழிச் சட்டகம் தானே நிற்கும். துணி அதன்மேல் போர்வை. ஒற்றைக்கால் கூடாரத்திலோ சுற்றிலும் அடித்த முளைகளின் இழுப்புத்தான் அதை நிறுத்துகிறது. முளை பிடுங்கினால் கூடாரம் படுத்துவிடும். கோடியக்கரையோ மணல், சிறு முளைக்கு அங்கே பிடிப்பு இல்லை.

எதைத் தேர்வது?

ஆகவே மாணவர்களுக்கு நான் சொன்ன விடை இது. முடிந்தால் மூன்று கழிச் சட்டகத்தின்மேல் போர்த்தும் வகையைத் தேர்ந்தெடுங்கள். டெல்டாக் கடலோரத்தில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. தொலைவிலிருந்து உலோகக் கால்களைச் சுமந்து வர வேண்டியதில்லை. உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள். ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் மக்களின் 'லாவ்வு' என்னும் கூடாரம் டீப்பியைவிடத் தாழ்ந்து அகன்றிருப்பது திறந்தவெளிக் காற்றை எண்ணித்தான். ஒற்றைக்கால் வகையே கிடைத்தால், சிறு முளைகளை நம்பாமல் மணல் நிரப்பிய சாக்கையோ கட்டையையோ கயிறு கட்டிக் குறுக்காக ஆழப் புதையுங்கள்.

துணியில் பருத்திக் கித்தான் கனமானது, ஆனால் மூச்சுவிடும். பாலியெஸ்டர் இலேசானது, நம் கடற்கரைப் புழுக்கத்தில் உட்புறம் வியர்த்து விடியற்காலையில் சொட்டும். எதுவாயினும் உச்சியில் திறப்பும் அடியில் உயர்த்தும் வசதியும் உண்டா என்று பாருங்கள். அவ்விரண்டும் இல்லாத கூம்பு நம் ஊர் வெயிலில் அடுப்பாகிவிடும். உள்ளே தீ மூட்டவே வேண்டாம். சரிந்த சுவரின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார இயலாது என்பதால், விற்பவர் எட்டுப் பேர் என்றால் ஐந்து பேர் என்று கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வாயில். டீப்பியின் வாயில் கிழக்கு நோக்க வேண்டும் என்று படித்துவிட்டு மார்கழியில் கோடியக்கரையில் கிழக்கு நோக்கி வைத்தால், வங்கக்கடலின் காற்றும் மழையும் நேரே படுக்கையில் வந்து இறங்கும். வாடைக் காலத்தில் முதுகு வடகிழக்கே, வாயில் தென்மேற்கே. புல்வெளி மக்களிடமிருந்து கடன் வாங்க வேண்டியது கிழக்கு என்னும் திசையை அன்று. காற்றுக்கு முதுகு காட்டு என்னும் காரணத்தை.

தார்ப்பாயின் கீழ்

ஆண்டுதோறும் ஐப்பசி முதல் பங்குனி வரையிலான மீன்பிடிப் பருவத்தில் வெளியூர் மீனவக் குடும்பங்கள் கோடியக்கரைக்கு வந்து தற்காலிகக் கொட்டகை போட்டுத் தங்குகின்றன. கூடார வாழ்வு அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. காற்று எப்போது திரும்பும், கொட்டகையின் எந்தப் பக்கத்தை அடைக்க வேண்டும் என்பதை அவர்களிடம் கேட்டறிந்த பிறகு முளையடிப்பது நல்லது.

இந்தக் கரையின் காற்று விளையாட்டும் அன்று. 1952, 1977, 2018 என மூன்று பெரும்புயல்களை இப்பகுதியின் முதியோர் ஆண்டு சொல்லி நினைவுகூர்வர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலில் கோடியக்கரைக் காட்டின் மரங்கள் சாய்ந்தன; தென்னந்தோப்புகள் அழிந்தன; கூரை இழந்த குடும்பங்கள் பல நாள்கள் தார்ப்பாயின்கீழ் வாழ்ந்தன. எந்தக் கூடாரமும் அத்தகைய புயலைத் தாங்காது. எச்சரிக்கை வந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கற்கட்டடத்துக்குப் போவதே அறிவு.

ஆயினும் புயலுக்குப் பின் வரும் நாள்கள் உண்டு. நான்கு குச்சியில் தட்டையாகக் கட்டிய தார்ப்பாய் ஒவ்வொரு காற்றுக்கும் பாயாக விரிந்து பிய்ந்து போகிறது. அதே தார்ப்பாயை மூன்று சவுக்குக் கழிகளின்மேல் கூம்பாகச் சுற்றினால் காற்று வழுக்கிச் செல்லும், மழை வழிந்தோடும். நம் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள் நடக்கின்றன. அங்கே மாணவர்க்கு ஒரு பிற்பகல் இதைக் கட்டிப் பழக்கினால் என்ன? ஓரிரவு உல்லாசத்துக்காக வாங்கும் கூடாரம் கற்றுத்தரக்கூடிய பாடங்களில், அடுத்த புயலுக்குப் பின் அண்டை வீட்டாருக்கு உதவக்கூடியது இதுவே.